அக்காவுக்கு எதற்குப் போன்

அந்தக் கடையில் அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதலாளியிலிருந்து வாசலில் குடைகளை வாங்கி வைப்பவர் வரை அவனை டெமோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் எந்தப் பொருளைக் கை காட்டினாலும் "ஒரு நிமிஷம் சார், டெமோ காட்டிடறேன்" என்று ஆரம்பித்துவிடுவான். அந்த ஒரு நிமிஷம் லேசில் முடியாது. வீட்டில் உப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொன்னால்கூட, மூடியைத் திறந்து மூடிக் காட்டித்தான் தருவான் என்று அவனுடைய அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மின்சாதனங்கள் விற்கும் மூன்று மாடிக் கடை அது. கீழே டிவியும் ஃப்ரிட்ஜும். படியேறி மேலே போனதும் எதிரே நிற்கும் கண்ணாடிப் பெட்டி டெமோவின் ராஜ்ஜியம். மேல் தட்டில் ஸ்மார்ட்போன்கள், நடுத்தட்டில் பேனா செருகிய பாக்கெட் கம்ப்யூட்டர்கள், கீழ்த்தட்டில் ஒரு புத்தகத்தைவிடச் சிறிய குட்டி பிசிக்கள். மூன்றும் சந்தைக்குப் புதுசாக வந்திருந்த காலம். எதை வாங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு வருபவர்களை டெமோ அன்போடு வரவேற்பான்.

"சார், போன்ங்கறது பேசறதுக்கு. அதுலயே மெயில் பார்க்கலாம், படம் எடுக்கலாம்னு சொல்வாங்க. எடுக்கலாம். ஆனா தீப்பெட்டி அளவு ஸ்கிரீன்ல என்னத்தைப் பார்ப்பீங்க? இது பாக்கெட் கம்ப்யூட்டர். பட்டனைத் தட்டின உடனே முழிச்சுக்கும். பேனாவால எழுதலாம், சார்ஜ் நாலஞ்சு நாள் நிக்கும். ஆனா பெரிய வேலை குடுத்தீங்கன்னா திணறிடும். இதோ, இது குட்டி பிசி. உங்க ஆபீஸ் மேஜைல என்னெல்லாம் ஓடுதோ அத்தனையும் இதுல ஓடும். ஆனா அதே மாதிரி நிதானமாத்தான் எழுந்திருக்கும். மத்தியானத்துக்குள்ள பசிக்கவும் செய்யும்."

கடைசியில் ஒரு வார்த்தை வைத்திருப்பான்.

"மூணும் மூணு குணம் சார். ஒரே ஆளு சமைக்கவும் செஞ்சு, வண்டியும் ஓட்டி, பாட்டும் பாடறேன்னா நம்பாதீங்க. எதையும் உருப்படியாப் பண்ண மாட்டான்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்குவார்கள்.

கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, பெண்களுக்கான ஆடை தைக்கும் பட்டறை ஒன்றில் அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நீளமான மேஜை, அதன் மேல் அடுக்கடுக்காகத் துணி, கையில் முழங்கை நீளக் கத்தரிக்கோல். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டதால் டெமோவைப் படிக்கவைத்ததே அந்தக் கத்தரிக்கோல்தான். அவனுக்குக் கல்யாணமான பிறகும் மூவரும் ஒரே வீட்டில், அக்கா வாசல் பக்கத்து அறையில்.

பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கத்தரிக்கோலைத் தொட்டதும் தொடங்கும் பேச்சு, விளக்கை அணைக்கும்போதுதான் நிற்கும். கை ஒரு நூல் பிசகாது, வாய் ஓயாது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யார் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வாள். "ஒருத்தர் நல்லாத்தான் இருந்தார். குறட்டை எப்படி இருக்கும், ஒரு டெமோ காட்டுங்கன்னு கேட்டேன். அன்னைக்குப் போனவர்தான்."

முதலில் தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். வெந்நீர், மாத்திரை, மாற்று மாத்திரை. பட்டறையில், "ரேடியோவுக்கு ஸ்டேஷன் சரியாக் கிடைக்கல போல" என்று கிண்டல் செய்தார்கள். அவளும் கரகரத்த குரலில், "மழைக்காலம் இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். மழைக்காலம் போனது. கரகரப்பு போகவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டெமோவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அக்காவும் கூடவே எழுந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குரல்வளையை எடுத்தாகணும். எடுத்துட்டா நல்லா இருப்பாங்க. ஆனா பேச்சு வராது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடம் வருவதற்கு முன்னால் சொன்னாள்: "நல்ல வேளை, கையை எடுக்கணும்னு சொல்லல. சோறு போடறது அதுதானே."

என்ன செய்ய வேண்டும் என்று டெமோவுக்குத் தெரிந்துவிட்டது. இது அவனுடைய துறை. உலகத்தில் வேறு எந்தத் தம்பியும் செய்ய முடியாததை அவனால் செய்ய முடியும் என்று நினைத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கடையிலிருந்து ஒரு பாக்கெட் கம்ப்யூட்டரை எடுத்துவந்தான். வாசல் அறையின் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அக்காவை எதிரே உட்காரவைத்தான். அவளுக்கு என்னென்ன வாக்கியங்கள் தேவைப்படும் என்று யோசித்து வைத்திருந்தான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அது பதிவாகும்.

"தண்ணி வேணும்."

"தண்ணி வேணும்."

"வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு."

"வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு."

"விளக்கைப் போடு." "கதவைத் திற." "சாப்பிட்டேன்." "போதும்." "நாளைக்குப் பார்க்கலாம்." அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சொன்னாள். கரகரப்புதான், ஆனாலும் அவள் குரல்தான். பாதியில் திடீரென்று அந்தக் கருவிக்கு அருகே குனிந்து, ரகசியம் பேசுவது போலச் சொன்னாள்:

"டேய், இந்த ஆளு ரொம்ப அறுக்கறாரு, எப்படியாவது வெளிய அனுப்பு."

டெமோ சிரித்துவிட்டான்.

"இதையும் வெச்சுக்கோ. உன் பொண்டாட்டியோட சித்தப்பா வரும்போது தேவைப்படும்."

"இடம் பத்தாதுக்கா. இதுல மெமரி கொஞ்சம்தான். அவசியமானதை மட்டும்தான் வைக்க முடியும்."

"இதுதாண்டா அவசியம்."

"சும்மா இரு அக்கா. அடுத்தது, 'மாத்திரை எங்கே'."

அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். "மாத்திரை எங்கே" என்றாள். டெமோ அந்தச் சித்தப்பா வாக்கியத்தைப் பேனா நுனியால் தொட்டு அழித்தான். அது எவ்வளவு சின்ன வேலையாக இருந்தது என்பது பின்னாளில் அவனுக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கழுத்தில் கட்டோடு படுத்திருந்த அக்கா, பதிவு செய்த வாக்கியங்களை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. பாக்கெட் கம்ப்யூட்டரில் பேனாவால் படம் வரைய ஒரு பக்கம் உண்டு. அதையே அவள் சிலேட்டு ஆக்கிக்கொண்டாள். மூன்று வார்த்தை எழுதினால் திரை நிறைந்துவிடும். அழித்துவிட்டு அடுத்த மூன்று வார்த்தை. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தட்டினால் உடனே தயார்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று நர்ஸ் கேட்டார்.

எழுதிக் காட்டினாள்: 'உங்க ஊசிக்குப் பரவாயில்ல.'

நர்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாலையில் வந்த டெமோவிடம் நர்ஸ் இதைச் சொன்னபோது அவனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, திரை எவ்வளவு சின்னது, எழுத்து எவ்வளவு கோணல், இதை வைத்துக்கொண்டு அக்கா பட்டறைக்கு எப்படிப் போவாள் என்றும் கவலைப்பட்டான். தையல் மெஷின்கள் ஓடும் இடத்தில் எல்லோரும் தலை குனிந்திருப்பார்கள். ஓடி ஓடிப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் திரையை நீட்ட முடியுமா? அவளுக்கு வேண்டியது சத்தம், பெரிய எழுத்து, நிறைய இடம். கவலை நியாயமானதுதான்.

அதனால் குட்டி பிசி வந்தது. கடையின் அடித்தளத்தில் ரிப்பேர் பார்க்கும் சர்வீஸ்காரர், டெமோ கேட்டுக்கொண்டதற்காக, அக்காவின் வாக்கியங்களை எல்லாம் அதில் ஏற்றித் திரையில் படங்களாக அடுக்கிக் கொடுத்தார். டம்ளர் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று அக்காவின் குரல் வரும். டைப் செய்தால் பெரிய எழுத்தில் தெரியும். டைப் செய்வதை அப்படியே பேசிக்காட்டும் புரோகிராமும் அப்போது உண்டுதான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது இங்கிலீஷ் மட்டும்தான் பேசியது, தமிழைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டது. "அது வர்ற வரைக்கும் இது போதும்" என்றான் டெமோ. "ரெண்டு எதுக்கு?" என்று சொல்லி பாக்கெட் கம்ப்யூட்டரைத் திரும்பக் கடைக்கே எடுத்துப் போய்விட்டான்.

முதல் நாள் அக்கா டம்ளரைத் தொட்டாள். சமையலறையிலிருந்த டெமோவின் மனைவி, பழைய குரலைக் கேட்ட திடுக்கிடலில், "இதோ அண்ணி" என்று தண்ணீரோடு ஓடிவந்தாள். வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, இன்னொரு தடவை தொட்டாள். "தண்ணி வேணும்."

கொஞ்ச நாளில் அந்தச் சித்தப்பா நலம் விசாரிக்க வந்தார். தன் முழங்கால் வலியில் தொடங்கி, முழங்கால் வைத்தியர்கள் அனைவரையும் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அக்கா மடியில் குட்டி பிசியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் டெமோவைப் பார்த்து, திரையில் எந்தப் படமும் இல்லாத காலி இடத்தில் விரலால் மெல்லத் தட்டிக் காட்டினாள். டெமோவுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிச் சிரித்தான். அன்றைக்கு அது அவனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்கா மறுபடி வேலைக்குப் போனாள். வெட்டு மேஜையின் ஓரத்தில் குட்டி பிசிக்கு ஓர் இடம், பக்கத்தில் சார்ஜர். அது அணைந்திருந்தால் எழுந்திருக்க மூன்று நிமிஷம் ஆகும். எழுப்பியே வைத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். தூங்கவைத்து எழுப்பினால் சில சமயம் எழாது. துணித் தூசி உள்ளே போய் விசிறி இரையும். மடியில் வைத்தால் தொடை சுடும்.

இதெல்லாம் பெரிய விஷயம் அல்ல என்றுதான் டெமோ நினைத்தான். பட்டறையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. பட்டன் வைப்பவள், எல்லோரும் பட்டன்காரி என்று கூப்பிடும் அக்காவின் சிநேகிதி, பல வருஷம் கழித்து அவனிடம் சொன்னாள்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. தையல் பட்டறை மேற்பார்வையாளருக்கே இப்படி. அவர் அந்தப் பக்கம் போனதும் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை வருஷப் பழக்கம். இந்த மாதிரி நேரத்தில் ரேடியோ ஏதாவது சொல்லும். அக்காவின் கண்ணிலும் அது வந்துவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் குட்டி பிசியைத் தட்டினாள். கறுப்புத் திரை. பிறகு நீலத் திரை. பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒருத்தி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள், இன்னொருத்தி தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேச்செடுத்தாள். திரை வந்து, அக்கா எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து, தூக்கிக் காட்டியபோது முன்வரிசையில் இருந்தவள் நிமிர்ந்து, "எது அக்கா? ஓ... அப்பவே போனாரே, அந்தச் சட்டையா?" என்றாள். இரக்கத்தோடு சிரிக்கவும் செய்தாள்.

"அந்தச் சிரிப்பு இருக்கே தம்பி," என்றாள் பட்டன்காரி, "அதுக்கு அவ அறைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல."

அதற்குப் பிறகு சார்ஜர் பட்டறைக்குப் போவது நின்றது. குட்டி பிசி வாசல் அறை அலமாரிக்குப் போனது. துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் வெட்டுத் துண்டில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை எழுதிக் காட்டுவாள். 'போதும்.' 'நாளைக்கு.' 'நீலம் பத்தாது.' வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் டெமோ கேட்பான்: "ஏன்க்கா அதை எடுக்கறதில்ல? அதுல எல்லாம் இருக்கே." அக்கா தலையசைப்பாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான்.

அந்தச் சமயத்தில்தான் பட்டன்காரி ஒரு போன் வாங்கினாள். வெளியூரில் இருந்த மகனோடு மெசேஜில் பேசிப் பழகியவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு சாயங்காலம் அக்காவை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். டெமோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தான். அக்கா படி ஓரத்தில் ஒதுங்கி, கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அக்காவுக்கு ஒரு போன் எடுத்துக் குடேன். மெசேஜ் அனுப்பிக்குவோம்ல."

டெமோ திரும்பினான். கடைக் குரலிலேயே, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரும் ரசிக்கட்டும் என்பது போலச் சொன்னான்:

"பேச முடியாதவங்களுக்கு எதுக்குக்கா போன்? கண்ணு தெரியாதவருக்குக் கண்ணாடி விக்கற மாதிரி ஆயிடும். இதைவிடப் பத்து மடங்கு நல்லது வீட்டுல இருக்கு. அதை எடுத்துப் பழகச் சொல்லுங்க."

வாடிக்கையாளர் சிரித்தார். அதற்குப் பிறகுதான் டெமோ படியோரம் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள். முழுச் சிரிப்பு, வருத்தம் தெரியாத சிரிப்பு. பட்டன்காரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். டெமோவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று தோன்றியது. சின்னத் திரை, சின்னப் பட்டன், தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, குரலும் கிடையாது. மூன்று தட்டையும் கரைத்துக் குடித்தவனுக்குத் தெரியாதா? வாடிக்கையாளரிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

வருஷங்கள் போயின. கண்ணாடிப் பெட்டி ஒரே நாளில் காலியாகவில்லை. முதலில் நடுத்தட்டு. பாக்கெட் கம்ப்யூட்டர் கேட்டு வருபவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் உதிரிப் பேனா கேட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் மிஞ்சினார். பிறகு கீழ்த்தட்டு. குட்டி பிசிக்களைக் கம்பெனிக்காரர்களே வண்டியோடு வந்து திரும்ப எடுத்துப் போனார்கள். மேல்தட்டுக்காரன் மட்டும் அகலமாகிக்கொண்டே வந்தான். திரை பெரிதானது, தமிழ் வந்தது, எப்போது தொட்டாலும் விழித்திருந்தது. சமைக்கவும் வண்டி ஓட்டவும் பாடவும் ஒரே ஆளால் முடியாது என்று எத்தனை பேரிடம் அவன் சொல்லியிருப்பான்! அந்த ஆள் வந்து மூன்றையும் செய்துகொண்டிருந்தான். மூன்றையும் சுமாராகத்தான் செய்தான். ஆனால் கூப்பிட்ட நேரத்தில் செய்தான்.

முதலாளி ஒருநாள் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இப்ப யாரும் டெமோ கேக்கறதில்லப்பா. வர்றவன் எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் வர்றான்." அவனைப் போன் உறைகள் விற்கும் மேஜைக்கு மாற்றினார்கள். திரையில் குமிழி வராமல் கண்ணாடி ஒட்டும் வேலை. அதையும் அவன் நன்றாகவே செய்தான்.

அக்காவுக்கு ஸ்மார்ட்போன் கொடுத்தது அவன் இல்லை. பட்டன்காரிக்கு மகன் புதுசு வாங்கி அனுப்பியதும், பழையதை அவள் அக்காவின் கையில் வைத்துவிட்டாள். அக்கா அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. டெமோ ஒருநாள் அவள் கையில் பார்த்துவிட்டு, "நல்லதுக்கா, பழகிக்கோ" என்றான். திரையில் கீறல் இருந்ததால் புதுக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தான். அவளுக்கு அனுப்பிப் பார்த்தான்: 'சாப்பிட்டியா?' பதில் வந்தது: 'சாப்பிட்டேன்.'

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் அக்கா மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுக்க டெமோ பட்டறைக்குப் போனான். படியேறும்போதே சிரிப்பு கேட்டது. ஒருவர் சிரித்து ஓய்வதற்குள் இன்னொருவர். மெஷின் சத்தத்தையும் மீறி ஒருத்தி, "ஐயோ, ரேடியோ, போதும், ஊசி குத்திடும்" என்று கத்தினாள். வாசலில் நின்று பார்த்தான். அக்கா வெட்டு மேஜையில் குனிந்திருந்தாள். வலது கையில் கத்தரிக்கோல். இடது கைக் கட்டை விரல் போனின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாலைந்து மேஜைகளில் போன்கள் ஒரே சமயத்தில் ஒளிர்ந்தன. மறுபடி சிரிப்பு.

அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மரியாதைதான், வேறு ஒன்றும் இல்லை. "வாங்க தம்பி" என்றாள் பட்டன்காரி. அக்கா நிமிர்ந்து, கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டினாள். டெமோ இறங்கிவந்து தெருவில் நின்றான். அடுத்த சிரிப்பு தொடங்கும் வரை அங்கேயே நின்றான்.

வீட்டில் மனைவியைக் கேட்டான். "அக்கா உனக்கு மெசேஜ் அனுப்புவாளா?"

"அனுப்பாம? இப்பக்கூட ஒண்ணு. அண்ணி சரியான ஆளுங்க." போனைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கு அனுப்பறதில்லையா?"

அன்றைக்கு அவன் தன் போனை எடுத்து அக்காவோடு பேசியதை எல்லாம் மேலே மேலே தள்ளிப் பார்த்தான். 'சாப்பிட்டேன்.' 'மாத்திரை போட்டாச்சு.' 'கதவு பூட்டியாச்சு.' 'சரி.' 'நாளைக்குப் பார்க்கலாம்.' ஆபரேஷனுக்கு முன்னால் சாத்திய அறையில் உட்கார்ந்து அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி வாக்கியங்கள்தான். கூட ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எல்லார்கிட்டயும் என்னென்னவோ பேசறியாமே. என்கிட்ட மட்டும் ஏன்க்கா 'சரி', 'ஆச்சு'?"

அக்கா டீயை ஆற்றியபடி யோசித்தாள். போனை எடுத்து அடித்து, அனுப்பாமல் அப்படியே அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'உன்கிட்ட பேசற பழக்கம் விட்டுப்போச்சுடா. வேற ஒண்ணும் இல்ல.'

"கோபமா?"

'கோபம் இருந்தா திட்டி இருப்பேனே.'

"அன்னைக்குக் கடைல நான் சொன்னது... போன் எதுக்குன்னு..."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். 'என்னைக்கு?' என்று அடித்தாள். உண்மையாகவே மறந்துவிட்டாளா, மறந்தது போல நடித்து அவனைத் தப்பவிட்டாளா என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு டெமோ முயற்சி செய்யாமல் இல்லை. எங்கெங்கோ வந்த ஜோக்குகளை அவளுக்கு அனுப்பினான். அவளும் தவறாமல் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினாள், ஆபீஸில் மேலதிகாரிக்கு அனுப்புவார்களே அது போல. சுயமாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தால், வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வது மாதிரியே வந்தது. அக்கா பேசின காலத்தில் அவன் அவளோடு பேசியதே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ரேடியோவுக்கு யாராவது பதில் சொல்வார்களா?

வயதாகி வேலையை விட்டதும் அக்கா பட்டன்காரியின் வீட்டு மாடிக்குக் குடிபோனாள். தனியாக இருந்த பட்டன்காரிக்கும் துணை வேண்டியிருந்தது. டெமோவின் மனைவி அழுதாள். டெமோ வண்டி பிடித்து, கட்டிலைப் பிரித்து ஏற்றி, அங்கே போய் மறுபடி பூட்டிக் கொடுத்தான். ஜன்னலுக்குத் திரை மாட்டினான். அக்கா அவன் முதுகைத் தட்டினாள்.

ஞாயிறுதோறும் போய்வந்தான். இரண்டு பெண்களும் ஒரே சோபாவின் இரு முனைகளில் உட்கார்ந்து போனில் பேசிக்கொள்வார்கள். பழைய பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு குரூப் இருந்தது. பட்டன்காரி வாயால் பேசக்கூடியவள்தான். ஆனாலும் அக்காவுக்குப் பதிலை விரலால்தான் அடிப்பாள். டெமோ எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பான்.

ஒரு ஞாயிறு, வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "அந்த குரூப்ல என்னையும் சேர்த்துக்கோங்களேன்."

பட்டன்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சேர்த்துவிட்டாள். 'என் தம்பி. யாரும் பயப்பட வேண்டாம்' என்று ஒரு வரியும் போட்டாள். எல்லோரும் வரவேற்றார்கள். 'வாங்க தம்பி', 'வணக்கம் சார்', பூங்கொத்துப் படங்கள். அதற்குப் பிறகு இரண்டு நாளாகக் குரூப்பில் 'காலை வணக்கம்' தவிர ஒன்றுமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி எதையோ எழுதி, உடனே அழித்துவிட்டாள். அழித்ததன் அடையாளம் மட்டும் திரையில் இருந்தது. டெமோ உறை விற்கும் மேஜைக்குப் பின்னால் நின்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரிடமும் சொல்லாமல் குரூப்பை விட்டு வெளியே வந்தான்.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்.

'ஏண்டா?'

அவன் எழுதினான். அந்தச் சாத்திய அறை, மேற்பார்வையாளரின் சட்டை, படியோரம் அவள் சிரித்த சிரிப்பு, எல்லாவற்றையும் எழுதினான். எழுதியதைப் படித்துப் பார்த்தான். ஒரு வாடிக்கையாளர் வந்து, இந்த மாடலுக்கு நீல நிறத்தில் உறை இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தான். எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, 'சும்மாதான்' என்று அடித்து அனுப்பினான்.

அவள் படித்ததற்கான குறி வந்தது. சாயங்காலம் கடையை மூடும் சமயத்தில், 'ஞாயித்துக்கிழமை வரும்போது ஒரு டியூப்லைட் வாங்கிட்டு வா. மாடிப்படி இருட்டா இருக்கு' என்று அனுப்பினாள்.

'சரி' என்று பதில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை டியூப்லைட் கடை திறந்திருக்குமோ இல்லையோ என்று, வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாங்கிக்கொண்டான்.